கழுத்து முன்பக்கம் இழுத்து புடிக்குதா? அந்த தசைய தொட்டு கண்டுபுடிச்சு சரி பண்றது எப்படி

குளிர் ஆரம்பிச்சாச்சுன்னா குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் காலைல எந்திரிக்கும்போதே கழுத்து ஒரு பக்கமா புடிச்சுக்கிட்டு, யாராவது கூப்பிட்டா தலைய மட்டும் திருப்ப முடியாம மொத்த உடம்போட திரும்பி பார்க்கறவங்க நிறைய. சுளுக்குன்னு சொல்லிட்டு வருவாங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டா பாதி பேர் பின்கழுத்த காட்டுவாங்க, மீதி பேர் காதுக்கு பின்னாடி விரல வச்சு அங்கிருந்து குறுக்கால முன்னாடி தொண்டைக்குழி வரைக்கும் ஒரு கோடு இழுப்பாங்க. அந்த கோட்டுல இருக்கற தசைய பத்தி தான் இது. ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டுன்னு பேரு, வாய்ல நுழையாது, எங்க பிசியோதெரபி லைன்ல எஸ்சிஎம்னு தான் சொல்லுவோம், இங்கயும் அப்படியே சொல்லிக்கறேன்.

இது வலிச்சா எல்லாரும் உடனே பண்றது ரெண்டு விஷயம், தைலத்த ஊத்தி நல்லா அழுத்தி தேய்க்கறது, இல்லனா சலூன்ல போய் கழுத்த ஒரு திருப்பு திருப்பி நெட்டி எடுத்துட்டு வர்றது. ரெண்டுமே இந்த தசைக்கு ஆகாது. ஏன் ஆகாது, அப்ப என்ன தான் பண்றதுன்னு புரியணும்னா மொதல்ல அது எங்க இருக்கு என்ன வேலை பாக்குதுன்னு உங்க கையாலயே தெரிஞ்சுக்கணும், படம் பார்த்தா பத்தாது.

மொதல்ல கண்டுபுடிங்க

ஸ்வெட்டர் மப்ளர் எல்லாம் கழட்டிட்டு வெளிச்சமா கண்ணாடி முன்னாடி நிமிர்ந்து உக்காருங்க. முகத்த வலது பக்கம் திருப்புங்க, தாடைய லேசா மேல தூக்குங்க. இப்ப உங்க இடது கழுத்துல காதுக்கு கீழ இருந்து தொண்டைக்குழி வரைக்கும் சாய்வா ஒரு புடைப்பு தெரியும். தெரியலைனா வலது உள்ளங்கைய வலது கன்னத்துல வச்சு, நீங்க வலது பக்கம் திரும்ப முயற்சி பண்றத கையால தடுங்க, உடனே எழும்பி நிக்கும். ஒல்லியா இருக்கறவங்களுக்கு நல்லா தெரியும், கழுத்து கொஞ்சம் சதைப்பிடிப்பா இருக்கறவங்க விரல வச்சு தான் உணரணும்.

கவனிச்சீங்களா, திரும்பினது வலது பக்கம், புடைச்சது இடது பக்கம். இந்த தசைல முக்கியமான சங்கதியே இது தான். இடது எஸ்சிஎம் முகத்த வலது பக்கம் திருப்பும், வலது எஸ்சிஎம் இடது பக்கம் திருப்பும். ஆனா காத தோள்பட்டை பக்கம் சாய்க்கறப்ப மட்டும் அந்தந்த பக்கத்து தசை தான் வேலை பார்க்கும். இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி ஸ்ட்ரெச் பண்றப்ப இது தெரியாம தான் பாதி பேர் தப்பான பக்கத்த இழுத்துட்டு ஒண்ணும் ஆகலைன்னு சொல்றாங்க.

இப்ப அந்த புடைப்ப புடிச்சுக்கிட்டே விரல கீழ கொண்டு வாங்க. நெஞ்சுக்கு கொஞ்சம் மேல அது ரெண்டா பிரியும். ஒண்ணு உருண்டையா கயிறு மாதிரி, தொண்டைக்குழி ஓரத்துல நெஞ்செலும்போட மேல் துண்டுல போய் ஒட்டும். இன்னொண்ணு தட்டையா அகலமா காலர் எலும்போட உள்பக்க மூணுல ஒரு பங்குல போய் ஒட்டும். ரெண்டுக்கும் நடுவுல சின்னதா முக்கோணமா ஒரு பள்ளம் இருக்கும், விரல் நுனி வைக்கற அளவு. நர்சிங் படிக்கற பிள்ளைங்க இந்த முக்கோணத்த நல்லா பார்த்து வச்சுக்கணும், ஐசியூல கழுத்து வழியா பெரிய ரத்தக்குழாய்ல லைன், அதாவது மருந்து ஏத்தற குழாய் போடறப்ப டாக்டருங்க அடையாளத்துக்கு தேடற இடம் இது தான், இப்ப அல்ட்ராசவுண்ட் வச்சு பார்த்து போடறாங்க, இருந்தாலும் அடையாளம் அடையாளம் தானே.

மேல் நுனி எங்கன்னா, காது மடலுக்கு பின்னாடி தொட்டா கெட்டியா உருண்டையா ஒரு எலும்பு தட்டும்ல, மாஸ்டாய்டுன்னு சொல்லுவாங்க, அதுலயும் அங்கிருந்து பின்மண்டை பக்கமா போற ஒரு மேட்டுலயும் ஒட்டியிருக்கு. அதாவது இது கழுத்துல இருக்கற தசையே ஒழிய கழுத்தெலும்பு ஒண்ணுலயும் ஒட்டல, நெஞ்சுல ஆரம்பிச்சு ஏழு கழுத்தெலும்பையும் தாண்டி நேரா மண்டைல போய் முடியுது. இதனால தான் தலைய அசைக்க இவ்ளோ பலம் இதுக்கு.

அது பாக்கற வேலை

ஒரு பக்கம் மட்டும் இழுத்தா என்ன ஆகும்னு மேல பார்த்தோம். ரெண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தா? மல்லாக்க படுத்துக்கிட்டு தலைய மட்டும் தலகாணில இருந்து தூக்கி பாருங்க, ரெண்டு பக்கமும் விறைச்சுக்கிட்டு நிக்கும். தலைய முன்னாடி கொண்டு வர்ற வேலை. ஆனா இதுல ஒரு வினோதம் இருக்கு, மேல் நுனி தலை ஆடற மூட்டுக்கு கொஞ்சம் பின்னாடி ஒட்டியிருக்கறதால, ரெண்டும் சேர்ந்து இழுக்கும்போது கீழ்க்கழுத்து முன்னாடி வளையும், மண்டை மட்டும் பின்னாடி சாஞ்சு தாடை மேல தூக்கும். தாடை தூக்காம நேரா வைக்கறதுக்கு உள்ள, கழுத்தெலும்புக்கு ஒட்டினாப்ல முன்பக்கம் இருக்கற சின்ன தசைங்க வேணும், லாங்கஸ் கோலி, லாங்கஸ் கேபிடிஸ்னு ரெண்டு. வெளிய இருந்து தொட முடியாது, கண்ணுக்கும் தெரியாது, ஆனா கழுத்த ஸ்டெடியா புடிச்சு வைக்கறது அவங்க தான். அவங்க சோம்பேறி ஆகிட்டா எஸ்சிஎம் ஓவர்டைம் பாக்கும். மணிக்கணக்கா போன் பாக்கறவங்க கழுத்து முன்னாடி நீண்டு தாடை தூக்கி ஆமை மாதிரி இருக்கும்ல, அந்த நிலைல இது தான் நடந்துட்டு இருக்கு.

மூணாவது வேலை மூச்சு. மலைக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம். தலைய அசையாம வச்சுக்கிட்டா இந்த தசை கீழ் நுனிய மேல இழுக்கும், அதாவது நெஞ்செலும்பையும் காலர் எலும்பையும் தூக்கி நெஞ்ச விரிச்சு காத்த உள்ள இழுக்க உதவும். சும்மா உக்காந்து மூச்சு விடறப்ப இதுக்கு வேலையே கிடையாது, வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கற உதரவிதானம் பார்த்துக்கும். மேடு ஏறும்போது, ஓடும்போது, வீசிங் வரும்போது தான் இது உதவிக்கு வரும். ஊட்டி கிட்டத்தட்ட 2240 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2637. ஊட்டிலயே காத்தழுத்தம் கடற்கரை ஊர்ல இருக்கறதுல சுமார் முக்கால் பங்கு தான், அதனால கோயம்புத்தூர்ல இருந்து வந்து முதல் நாளே தொட்டபெட்டா ரோட்ட நடந்து ஏறினவங்களுக்கு மறுநாள் கழுத்து முன்பக்கம் வலிச்சா ஆச்சரியம் இல்ல. இங்கயே பொறந்து வளர்ந்தவங்களுக்கு அது பழகியிருக்கும், ஆனா பழைய பீடிக்காரங்க, அடுப்பு புகைலயே வருஷக்கணக்கா சமைச்ச பாட்டிங்க இவங்கள பாருங்க, சும்மா உக்காந்திருக்கறப்பவே ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துல ரெண்டு கயிறும் எழும்பி எழும்பி இறங்கும். அது கழுத்து பிரச்சனையே இல்ல, நுரையீரல் பிரச்சனை, தேய்ச்சு விட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாய்ல ஊத சொல்லி நுரையீரல் பலத்த அளக்கற டெஸ்ட், எடுத்து பார்க்கணும்.

நாலாவதா, அதிகம் யாரும் சொல்லாத ஒண்ணு. உள்காதுல இருக்கற பேலன்ஸ் உறுப்புக்கும் இந்த தசைக்கும் நேரடி நரம்பு தொடர்பு இருக்கு. பஸ்சு வளைவுல சாயறப்ப நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே தலை நேரா நிக்கணும்ல, அந்த வேலைக்கு. காதுல டக்குனு ஒரு பெரிய சத்தம் குடுத்தா இந்த தசை ஒரு நொடியோட சின்ன துணுக்குல லேசா தளரும், அத எலக்ட்ரோடு ஒட்டி அளந்து உள்காது சரியா இருக்கான்னு பார்க்கற டெஸ்ட்டே இருக்கு, வெம்ப்னு சொல்லுவாங்க, தலைசுத்தலுக்கு பெரிய ஆஸ்பத்திரில எழுதி குடுப்பாங்க. ஊட்டில இருந்து கல்லட்டி வழியா மசினகுடி இறங்கறப்ப 36 கொண்டை ஊசி வளைவு, கம்பிய புடிச்சுக்கிட்டு பஸ்ல நின்னுட்டே இறங்கினவங்க கழுத்து எத்தனை தடவ இப்படி தன்ன தானே திருத்திக்கிட்டிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

இந்த தசைக்கு உத்தரவு குடுக்கறது பதினொண்ணாவது மூளை நரம்பு, ஆக்சசரி நரம்புன்னு பேரு. அதே நரம்பு தான் பின்னாடி தோள தூக்கற ட்ரபீசியஸ் தசைக்கும் போகுது. நரம்பு டாக்டர் உங்க கன்னத்துல கை வச்சு திரும்ப சொல்றதும், தோள தூக்க சொல்லி அமுக்கி பாக்கறதும் ஒரே நரம்ப செக் பண்ண தான். வலி, நீளம் சுருக்கம் மாதிரி தகவல மூளைக்கு எடுத்துட்டு போறது மட்டும் கழுத்து ரெண்டாவது மூணாவது நரம்புங்க.

கை வைக்கக்கூடாத இடம்

இத படிக்காம கீழ போகாதீங்க. எஸ்சிஎம்முக்கு நேர் பின்னாடி, ஒரு உறைக்குள்ள மூணு ஒண்ணா ஓடுது. மூளைக்கு ரத்தம் கொண்டு போற கரோட்டிட் தமனி, மூளைல இருந்து ரத்தத்த இறக்கற ஜுகுலர் சிரை, அப்புறம் இதயத்த மெதுவாக்கற வேகஸ் நரம்பு. ஆடம்ஸ் ஆப்பிள்னு சொல்ற தொண்டை மேட்டோட மேல் விளிம்பு உயரத்துல, அதுக்கும் எஸ்சிஎம்முக்கும் நடுவுல ரெண்டு விரல மெதுவா வச்சா துடிப்பு தெரியும். அங்க தான் அந்த தமனி ரெண்டா பிரியுது, பிரியற இடத்துல ரத்த அழுத்தத்த உணர்ற ஒரு சின்ன வீக்கம் இருக்கு. அத அழுத்தினா பிரஷர் ஏறிருச்சுன்னு மூளை நெனச்சுக்கிட்டு இதயத்த மெதுவாக்கும், பிரஷர இறக்கும், சில பேர் அப்படியே மயங்கி விழுந்துருவாங்க. வயசானவங்களுக்கு அந்த இடத்துல கொழுப்பு படிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், அதுல துண்டு ஒண்ணு பிச்சுக்கிட்டு மேல போனா பக்கவாதம்.

அதனால மூணு விஷயம் கண்டிப்பா. உள்நோக்கி கழுத்தெலும்ப பார்த்து அழுத்தாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல புடிக்காதீங்க. பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் இருக்கறவங்க, முன்னாடி ஸ்ட்ரோக் வந்தவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க முன்கழுத்துல மசாஜே பண்ணாதீங்க, உடற்பயிற்சி மட்டும் போதும்.

சலூன்ல நெட்டி எடுக்கறது பத்தி. கட்டிங் முடிச்சு தலைய ரெண்டு கையால புடிச்சு சடக்குனு திருப்புவாங்க, சத்தம் கேட்கும், லேசான மாதிரி இருக்கும், அது எல்லாம் சரி. கழுத்தெலும்புக்குள்ள ஓட்டை வழியா மூளைக்கு போற இன்னொரு ரத்தக்குழாய் இருக்கு, திடீர்னு முறுக்கினா அதோட உள்சுவர் கிழிஞ்சு, அங்க ரத்தம் கட்டி, ஸ்ட்ரோக் வரலாம். அரிதா தான் நடக்கும், ஆனா நடந்தா சின்ன வயசுக்காரங்களுக்கும் நடக்கும். அண்ணா, கட்டிங் மட்டும் போதும்னு சொல்லிட்டு எந்திரிச்சிருங்க, அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.

நம்ம ஊர்ல யாருக்கு ஏன் வலிக்குது

தோட்டத்துல கொழுந்து பறிக்கற அக்காங்க கழுத்துல நான் அடிக்கடி பாக்கறது என்னன்னா, பறிக்கறப்ப தலை குனிஞ்சே இருக்கும், அப்ப பின்கழுத்து தான் உழைக்குது, எஸ்சிஎம் சுருங்கின நிலைலயே கெடக்கு. அப்புறம் இலை மூட்டைய தலைல ஏத்திக்கிட்டு எடை போடற இடத்துக்கு மேட்டுல ஏறுவாங்க. அப்ப தலை ஆடக்கூடாதுன்னு முன்னாடி பின்னாடி எல்லா தசையும் ஒரே நேரத்துல இறுகும், மேடுங்கறதால மூச்சுக்கும் அதே தசை வேணும். ஒரு வீட்ல யார் வேலை செய்யலைனாலும் கடைசில ஒருத்தர் தலைல தான் எல்லாம் விழும்ல, அந்த ஒருத்தர் தான் இந்த எஸ்சிஎம். வலிக்கறது அது, குத்தவாளி பெரும்பாலும் அது இல்ல. விறகு கட்டு சுமக்கறவங்களுக்கும், கேத்தி பக்கம் கேரட் மூட்டை ஏத்தி இறக்கறவங்களுக்கும் இதே கதை தான்.

பிக்கப், லாரி ஓட்டறவங்க கதை வேற. நம்ம வண்டில ஸ்டீயரிங் வலது பக்கம், ரிவர்ஸ் எடுக்கறப்ப இடது தோளுக்கு மேல எட்டி பார்ப்பீங்க, அப்ப இழுக்கறது வலது எஸ்சிஎம். குறுகலான எஸ்டேட் ரோட்டுல நாள் முழுக்க ரிவர்ஸ் எடுத்தா வலது பக்கம் மட்டும் இறுகி போறதுல என்ன அதிசயம். இதுல ஜன்னல் கண்ணாடிய இறக்கி விட்டுட்டு குளிர் காத்து ஒரு பக்கமே அடிக்க ஓட்டறது வேற. குளிர் காத்து தசைய கிழிக்காது, ஆனா குளிருக்கு நாம தோள காது வரைக்கும் தூக்கி குறுக்கிக்கறோம்ல, அது மணிக்கணக்கா நடந்தா வலி தான். இதனாலயே தான் உறைபனி காலத்துல மப்ளர் சும்மா ஸ்டைலுக்கு இல்லன்னு சொல்றேன், கழுத்து சூடா இருந்தா தோள் தானா இறங்கும்.

தூங்கற விதம் பத்தியும் சொல்லணும். கம்பளிய தலை வரைக்கும் இழுத்து, ரெண்டு தலகாணிய அடுக்கி, அதுல போன் பாத்துக்கிட்டே தூங்கி போறது. ராத்திரி முழுக்க தாடை நெஞ்சுல இடிக்கற மாதிரியே கெடக்கும். ஒரு தலகாணி போதும், ஒருக்களிச்சு படுத்தா தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய நிரப்பற உயரம் இருக்கணும், அவ்ளோ தான் கணக்கு. குப்புற படுக்கறவங்க தலைய ஒரு பக்கம் முழுசா திருப்பி தான் தூங்க முடியும், அவங்களுக்கு இந்த வலி திரும்ப திரும்ப வரும்.

இன்னொண்ணு, இந்த தசைல வர்ற வலி அதே இடத்துல தெரியணும்னு இல்ல. நெத்தி, கண்ணுக்கு மேல, காதுக்குள்ள, உச்சந்தலைன்னு எங்கயோ தெரியும். காது டாக்டர் காதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பினாங்கன்னா, இந்த தசைய ஒரு தடவ புடிச்சு பாருங்க, அதே வலி கிளம்பிச்சுன்னா ஆள் சிக்கிருச்சு.

இப்ப பண்ண வேண்டியது

திடீர்னு புடிச்சுக்கிட்ட முதல் ரெண்டு நாள் ஹீரோ வேலை எதுவும் வேணாம். வெந்நீர் பைய துணில சுத்தி கால் மணி நேரம் கழுத்து ஓரமா வைங்க, நேரா தோல்ல வைக்காதீங்க, குளிர்ல சூடு தெரியாம தோல் பொத்து போனவங்க இருக்காங்க. மாத்திரை வேணும்னா பாராசிட்டமால், அட்டைல போட்டிருக்கற அளவு தான். காலர் பெல்ட் போட்டு கழுத்த கட்டி வைக்காதீங்க, வலிக்காத தூரம் வரைக்கும் மெதுவா இப்படி அப்படி திருப்பிக்கிட்டே இருங்க. சாதாரண சுளுக்கு பெரும்பாலும் சில நாள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள தானா இறங்கிரும்.

வலி இறங்கினதும் முதல் பாடம் மூச்சு தான், ஸ்ட்ரெச் இல்ல. மல்லாக்க படுத்து முழங்கால மடக்கிக்கோங்க. ஒரு கை வயித்துல, இன்னொரு கையோட ரெண்டு விரல் தொண்டைக்குழி ஓரத்துல அந்த ரெண்டு கயிறு மேல. மூக்கால மூச்ச இழுக்கறப்ப வயித்து கை எழும்பணும், கழுத்துல இருக்கற விரலுக்கு கீழ ஒண்ணும் நடக்கக்கூடாது. கயிறு விறைச்சா நீங்க தேவையில்லாம நெஞ்சால மூச்சு விடறீங்கன்னு அர்த்தம், இன்னும் மெதுவா, இன்னும் கொஞ்சமா இழுங்க. தினம் அஞ்சு நிமிஷம். பார்க்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், இத விட்டுட்டு மத்தது எல்லாம் பண்றவங்களுக்கு தான் வலி திரும்பி வருது.

ரெண்டாவது, உள்ள இருக்கற அந்த சோம்பேறி தசைங்கள எழுப்பறது. அதே மாதிரி படுத்துக்கிட்டு, தலைய தூக்காம, ஆமான்னு சொல்ற மாதிரி தாடைய லேசா தொண்டை பக்கம் இறக்குங்க. ரொம்ப கொஞ்சம் தான், பின்மண்டை தலகாணிலயே வழுக்கி மேல போகணும். அந்த நிலைல பத்து செகண்ட், பத்து தடவ. இங்கயும் ரெண்டு விரல் கழுத்துல இருக்கட்டும், எஸ்சிஎம் புடைச்சா நீங்க அதிகமா அழுத்தறீங்க, பாதியா குறைங்க. ஜிம்முக்கு போற தம்பிங்களுக்கு இது புடிக்கவே புடிக்காது, வேர்வை வரலையேன்னு கேப்பாங்க. வேர்வை வந்தா நீங்க தப்பா பண்றீங்க தம்பி.

மூணாவது தான் ஸ்ட்ரெச். வலது பக்கம் இறுக்கம்னு வச்சுக்குவோம். நேரா உக்காந்து, இடது கைய வலது காலர் எலும்பு மேல, உள்பக்கமா, வச்சு லேசா கீழ புடிச்சுக்கோங்க, எலும்பு மேல எழும்பாம இருக்க. தலைய இடது தோள் பக்கம் சாய்ங்க. சாஞ்ச நிலைலயே முகத்த வலது பக்கம் திருப்புங்க, அதாவது கூரைய பாக்கற மாதிரி. வலது கழுத்து முன்பக்கம் இழுக்கற மாதிரி இருந்தா சரியான இடம், பின்பக்கம் இழுத்தா முகத்த தப்பான பக்கம் திருப்பியிருக்கீங்க. இருபது முப்பது செகண்ட், மூணு தடவ, மூச்ச அடக்காம. தலை சுத்தினாலோ, கண்ணு இருட்டினாலோ, கை மரத்தாலோ நிறுத்திருங்க, மறுபடியும் முயற்சி பண்ண வேணாம். வயசானவங்க கூரைய பாக்கற பகுதிய விட்டுட்டு வெறும் சாய்க்கறதோட நிறுத்திக்கலாம்.

தொட்டு தளர்த்தணும்னா, மசாஜே வேணாம்னு மேல சொன்ன ஆட்கள் தவிர மத்தவங்க மட்டும். வலது தசைன்னா தலைய வலது பக்கம் லேசா சாய்ச்சு முகத்த கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க, தசை தொள தொளன்னு ஆகும். இப்ப கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தசைய மட்டும் கிள்ளி கழுத்துல இருந்து வெளிய பாத்து தூக்கி புடிங்க. துடிப்பு தெரிஞ்சா விட்டுருங்க, அது தசை இல்ல. காதுக்கு கீழ இருந்து காலர் எலும்புக்கு கொஞ்சம் மேல வரைக்கும் அங்கங்க புடிச்சு, வலிக்கற முடிச்சு சிக்கினா அஞ்சாறு மூச்சு வரைக்கும் அப்படியே மெதுவா வச்சிருந்து விடுங்க. ஒரு பக்கம் முடிச்சிட்டு தான் அடுத்த பக்கம். ஒரு நிமிஷத்துக்கு மேல வேணாம்.

கடைசியா பலம் ஏத்தறது, சுமை தூக்கறவங்களுக்கும் டிரைவர்களுக்கும். உள்ளங்கைய நெத்தில வச்சு தலைய முன்னாடி தள்ளுங்க, கை அசையவிடக்கூடாது, தலையும் அசையக்கூடாது, முழு பலத்துல கால்வாசி போதும், அஞ்சு செகண்ட். அதே மாதிரி ரெண்டு கன்னத்துலயும். தாடை தூக்காம பாத்துக்கோங்க.

தைலம் போடலாமா

போடலாம். ஆனா அழுத்தி தேய்க்காம மேலாப்ல. நம்ம ஊர் யூகலிப்டஸ் தைலம் தோல்ல குளுகுளுன்னும் சூடாவும் ஒரு உணர்வ குடுத்து வலிய மறக்க வைக்கும், தசைக்குள்ள போய் எதையும் ரிப்பேர் பண்ணாது. தேய்ச்ச கையோட கண்ண தொடாதீங்க, தைலம் போட்ட இடத்துல வெந்நீர் பை வைக்காதீங்க, குடிக்கவே கூடாது, கைக்குழந்தை மூக்கு பக்கம் கொண்டு போகவே கூடாது. விண்டர்கிரீன் தைலம்னா இன்னொரு எச்சரிக்கை, வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது ஆகாது, தோல் வழியா உள்ள போய் ரத்தக்கசிவு ஆபத்த கூட்டும்.

கைக்குழந்தைக்கு கழுத்து ஒரு பக்கம் சாஞ்சிருந்தா

பொறந்து சில வாரத்துல குழந்தை தலைய எப்பவும் ஒரு பக்கமே சாய்ச்சு, தாடை எதிர்பக்கம் பார்த்த மாதிரி வச்சிருந்தா அந்த சாஞ்ச பக்கத்து எஸ்சிஎம் சுருங்கியிருக்கலாம், சில குழந்தைக்கு தசைக்கு நடுவுல கோலிகுண்டு மாதிரி ஒரு கட்டி கூட தட்டும். அது கேன்சர் கட்டி இல்ல, பயப்பட வேணாம், ஆனா உரம் விழுந்திருக்குன்னு சொல்லி யார்கிட்டயாவது குழந்தைய குடுத்து உதறி எடுக்க விடாதீங்க. குழந்தை டாக்டர்கிட்ட காட்டி சீக்கிரமே பிசியோதெரபி ஆரம்பிச்சா பெரும்பாலான குழந்தைங்க ஆபரேஷன் இல்லாமலே சரியாகிருவாங்க, லேட் பண்ண பண்ண தான் கஷ்டம், மண்டையும் முகமும் ஒரு பக்கம் தட்டையா வளரும். வீட்ல நீங்க பண்ணக்கூடியது, குழந்தை எந்த பக்கம் திரும்ப கஷ்டப்படுதோ அந்த பக்கம் இருந்தே பேசறது, கிலுகிலுப்பை ஆட்டறது, பால் குடுக்கறது, முழிச்சிருக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் குப்புற போடறது.

இது சுளுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க

காய்ச்சலும் தலைவலியும் இருந்து தாடைய நெஞ்சுல வைக்க முடியலைனா மூளைக்காய்ச்சலா இருக்கலாம். கழுத்து தாடை இறுக்கத்தோட நெஞ்சு பாரம், வேர்வைன்னா இதயம். கழுத்துல திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி ஒரு வலி வந்து, கூடவே ஒரு கண் இமை இறங்கறது, வாய் கோணறது, பேச்சு குழறல், தள்ளாட்டம் எது இருந்தாலும் 108க்கு போன் பண்ணுங்க, ராத்திரி பனிமூட்டமா இருக்கு காலைல பாத்துக்கலாம்னு உக்காராதீங்க.

பைக்ல வழுக்கி விழுந்து தோள்ல அடிபட்டு காலர் எலும்பு முட்டிக்கிட்டு நிக்குதுன்னா அது உடைஞ்சிருக்கலாம். உடைஞ்ச எலும்போட உள்பக்க துண்ட எஸ்சிஎம் மேல இழுத்துரும், வெளிப்பக்க துண்ட கையோட கனம் கீழ இறக்கிரும், அதான் அந்த படி மாதிரி மேடு. சுளுக்கு எடுக்க யார்கிட்டயும் போகாம கைய துணில தூளி கட்டி எக்ஸ்ரேவுக்கு போங்க.

கழுத்து ஓரமா, இந்த தசை ஓரத்துலயே ஒரு கட்டி ரெண்டு மூணு வாரமா போகாம இருந்தா, வலி இல்லைனாலும் காட்டுங்க. இந்த தசைய ஒட்டி வரிசையா நெறிக்கட்டு முடிச்சுங்க இருக்கு, நம்ம நாட்டுல அதுல டிபி வர்றது ரொம்ப சகஜம், மாத்திரைல குணமாகும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மருந்து இலவசம். எச்சில் முழுங்கறப்ப கூடவே மேல ஏறி இறங்கற கட்டின்னா அது பெரும்பாலும் தைராய்டு, தசையும் இல்ல நெறியும் இல்ல. கழுத்து பக்கவாட்டுல கட்டி எடுத்த அப்புறம் ஒரு தோள் இறங்கி, கைய தலைக்கு மேல தூக்க முடியலைனா மேல சொன்ன அந்த பதினொண்ணாவது நரம்புல அடிபட்டிருக்கலாம், அது இந்த தசைக்கு அடியில இருந்து வெளிய வந்து தோலுக்கு கொஞ்சம் கீழயே தோள் பக்கமா ஓடுது. தையல் வலின்னு விட்டுராம ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே போய் தோள தூக்கி காட்டுங்க, நரம்ப திரும்ப தைக்கணும்னா மாசக்கணக்கா தள்ளி போட முடியாது.